கேஷ் வந்தது காசிலிருந்தா, கல்லாவிலிருந்தா?

கேள்வி, ஜனவரி 6

"ஆங்கில கேஷ் நம்ம காசுதானே? ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆங்கில அகராதியிலேயே 'தமிழ்: காசு' என்று போட்டிருக்கிறது, படம் பார்த்தேன். அப்புறம் ஏன் சிலர் லத்தீன், பிரெஞ்சு என்று மழுப்புகிறார்கள்?"

ஜனவரி 6

அகராதியில் பார்த்தது உண்மை. பார்த்த இடம்தான் வேறு. பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற தலைச்சொல் இரண்டு தடவை வரும், பக்கத்தில் பொடி எழுத்தில் 1, 2 என்று எண் போட்டு. முதல் கேஷ் கையிலிருக்கும் ரொக்கம். இரண்டாவது கேஷ் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் மலாய்த் தீவுகளிலும் புழங்கிய சில்லறை நாணயம். 'தமிழ்: காசு' என்ற குறிப்பு இருப்பது இரண்டாவதன் கீழே. படம் போட்டவர் அந்த நாலு வரியை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்.

முதல் கேஷ் பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. ரோமானியர்கள் புத்தகச் சுருள்களை நிறுத்தி வைத்துத் தூக்கிப்போன உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். இத்தாலியில் அது காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ். வியாபாரி கையில் அது பணப்பெட்டி. 1590களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் பெட்டி என்ற பொருள் கூடவே வந்தது. பெட்டியையும் அதே சொல்லால் சொன்னார்கள், உள்ளே கிடந்த பணத்தையும் அதே சொல்லால் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெட்டி கழன்றுபோய்ப் பணம் மட்டும் மிஞ்சியது.

மழுப்பல் எங்கே இருக்கிறது இதில்?

ஜனவரி 6, இரவு

அப்படிப் பார்த்தால் கேஷ் பாக்ஸ் என்பது பெட்டிப்பெட்டி. நடுசென்டர், கேட்டு வாசல் வரிசையில் அதையும் உட்கார வைக்கலாம்.

ஜனவரி 7

"பெட்டி எப்படி ஐயா பணமாகும்? இழுத்து ஒட்டிய மாதிரி இருக்கிறது" என்கிறார் கேட்டவர்.

கல்லா என்றால் என்ன? கடையில் பணம் போடும் பெட்டி. இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்த சொல். "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று முதலாளி கேட்டால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை. படம் நல்லா கல்லா கட்டுது என்கிறோம். பெட்டிப் பெயர் வசூலுக்குப் பெயராகிவிட்டது, நம் கண் முன்னாலேயே. இன்னும் இரண்டு தலைமுறை போனால் கல்லா என்றால் பெட்டி என்பதே மறந்து வசூல் மட்டும் நிற்கலாம். ஆங்கிலத்தில் நடந்து முடிந்தது இங்கே பாதி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 8

இன்னொருவரின் மறுப்பு கொஞ்சம் கனமானது. இரண்டு கேஷும் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 1590களில்தான். அப்படியிருக்க காசு முதலில் வந்து, பெட்டிக் கதை பிறகு ஒட்டவைக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆண்டை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. சொல் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும்.

1598இல் ஜான் ஃப்ளோரியோ ஓர் இத்தாலி–ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் இத்தாலியக் காஸ்ஸாவுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு, வணிகரின் கேஷ் என்றும் எழுதுகிறார். தென்னிந்தியச் செப்புக்காசுக்கு அங்கே வேலையே இல்லை. இத்தாலியப் பணப்பெட்டியை விளக்க ஆங்கிலக் கேஷ் உதவுகிறது, ஏனென்றால் அன்று கேஷ் என்றாலும் பணப்பெட்டிதான்.

அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1494இல், வெனிஸில் லூக்கா பச்சோலி கணக்குப் புத்தகம் அச்சிடுகிறார். இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் அவர். ரொக்கத்தை முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கும் பதிவில் இரண்டு சொல் சேர்ந்து வரும்: காஸ்ஸா, கொந்தாந்தி. கொந்தாந்தி என்றால் எண்ணிய பணம், ரொக்கம். காஸ்ஸா அதை வைத்திருக்கும் பெட்டி. ஆங்கிலேய வணிகர்கள் இந்த முறையைக் கற்றபோது கேஷ் கணக்கு என்ற பெயரும் கணக்கோடு வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு ஒரு சொந்தச் சங்கதி உண்டு. கணக்கெழுதப் பழகிய காலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது கேஷ் கணக்குதான். பணம் வந்தால் அதைப் பற்றுப் பக்கத்தில் எழுது என்பார்கள். வரவுதானே, அதை ஏன் பற்றில் எழுத வேண்டும்? கற்றுக்கொடுத்தவர் "வருவது பற்று, போவது வரவு" என்று சொல்லி முடித்துவிடுவார். விதியை மனப்பாடம் செய்துதான் பிழைத்தேன். கேஷ் என்றால் பெட்டி என்று வெகுநாள் கழித்து அறிந்தபோது முடிச்சு தானாக அவிழ்ந்தது. கணக்கில் உட்கார்ந்திருப்பது பணம் இல்லை, பெட்டி. பெட்டியிடம் பணத்தைக் கொடுத்தேன், பெட்டி வாங்கிக்கொண்டது, ஆகவே பெட்டி எனக்குக் கடன்பட்டிருக்கிறது. வாங்கியவன் பேரில் பற்று. கந்தசாமிக்குக் கடன் கொடுத்தால் கந்தசாமி பேரில் பற்று எழுதுவதும் இதுவும் ஒன்றே. சொல்லின் பிறப்பைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் எத்தனை பேருடைய தலைவலி மிச்சமாகியிருக்கும்!

ஜனவரி 9

காப்ஸாவின் மற்ற பிள்ளைகள் யார் யார் என்று கேட்டிருந்தார்கள். சூட்கேஸில் இருக்கும் கேஸ். மருந்து கேப்ஸ்யூல் (குட்டிப் பெட்டி). பாட்டு கேசட் (அதுவும் குட்டிப் பெட்டிதான், பிரெஞ்சு வழி). வண்டியின் சேசிஸ் கூட இதே வீடு: பெட்டி, பிறகு சட்டம், பிறகு வண்டியைத் தாங்கும் சட்டம். ஆங்கிலேயர்கள் அந்தப் பிரெஞ்சு சேசிஸைப் பன்மை என்று நினைத்துக் கடைசி ஒலியை வெட்டியதில் பிறந்ததுதான் ஜன்னல் சட்டத்துக்கான சாஷ். இல்லாத ஒருமையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

போலீஸ் கேஸ், கோர்ட் கேஸ் எல்லாம் இதில் சேராது. அந்தக் கேஸ் லத்தீனில் 'விழுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. வந்து விழுந்தது, நேர்ந்தது, நிகழ்வு. நம் ஆட்கள் மூன்றாவதாக ஒரு கேஸும் வைத்திருக்கிறோம், சிலிண்டரில். அது 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற வேதியியலாளர் கிரேக்கக் கேயாஸ் என்ற சொல்லை மனதில் வைத்து உருவாக்கியது. பெட்டி, விழுதல், குழப்பம் மூன்றும் தமிழ் எழுத்தில் ஒரே கேஸ். ஆங்கிலக்காரனுக்கு இரண்டுதான் குழப்பம், நமக்கு மூன்று.

ஜனவரி 12

போதும் பெட்டி. இரண்டாவது கேஷுக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு ஆசையான பகுதி இதுதான், ஏனென்றால் அதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

பழைய நாணயம் சேர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக வெளியிட்ட இருபது காசு. நல்ல கனமான செம்பு. இங்கே அடித்ததில்லை. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1803 என்றும் 1808 என்றும் ஆண்டு போட்டவை கிடைக்கும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் இருபது, கேஷ் என்று ஆங்கிலத்தில், அதோடு பாரசீகத்தில் ஒரு வரி: 'இருபது காஸ் என்பது நான்கு ஃபலூஸ்'.

கவனியுங்கள். ஆங்கிலத்தில் கேஷ், பாரசீகத்தில் காஸ். அச்சு வெட்டியவனுக்குப் பாரசீகத்தில் கேஷ் என்று எழுதத் தடை ஒன்றுமில்லை, அந்த மொழியில் ஷ உண்டு. இருந்தும் காஸ் என்றே எழுதினான். காசு என்ற உள்ளூர் உச்சரிப்பும் கேஷ் என்ற கப்பல்வழி உச்சரிப்பும் ஒரே செம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாணயக் கண்ணாடியில் அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய்க்கு மாறியபோது இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

1808 நாணயங்களில் பல கடலடியிலிருந்து வந்தவை. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளி வந்தார்கள். விற்பனைக்கு வரும் பச்சைப்பாசிக் காசுகளில் பாதிக்கு மேல் சென்னையைப் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

ஜனவரி 12, பிறகு

திருவிதாங்கூரை விட்டுவிட்டேன் என்று உடனே ஒரு நினைவூட்டல். விடவில்லை, வரிசையில் இருந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் காலம் வரை நாணயத்தில் 'நாலு கேஷ்', 'எட்டு கேஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்தார்கள். ஆகவே இரண்டாவது கேஷ் ஏதோ பழைய மாலுமிகளின் சொல் இல்லை. நம்மில் சிலருடைய தாத்தா பாட்டி கையில் புழங்கியது.

ஜனவரி 14

குரங்கு விவகாரம். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியர் கோழிக்கோட்டுக்கும் வந்து போய், 1510இல் பயண நூல் வெளியிட்டார். விஜயநகர நாட்டில் 'காஸ்' என்று ஒரு நாணயம் இருக்கிறது, பதினாறு காஸ் சேர்ந்தால் ஒரு தாரம் என்ற வெள்ளிக்காசு என்கிறார். (பதினாறு! மேலே திருவிதாங்கூர்க் கணக்கைப் பாருங்கள்.) இன்னோர் இடத்தில் கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம், ஒரு குரங்கின் விலை நாலு 'காஸ்ஸே' என்று எழுதுகிறார். இந்த மேற்கோள்களை எடுத்துப் போட்ட யூலும் பர்னலும், ஒரு குரங்குக்கு நாலு காஸ்ஸே ஏன் என்பது விளங்கவில்லை என்று அடைப்புக்குறிக்குள் முனகியிருக்கிறார்கள். அவர்கள் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி வெளியானது 1886இல். இன்றும் அந்த அடைப்புக்குறி அப்படியே இருக்கிறது.

எனக்கு வேடிக்கை குரங்கில் இல்லை. காஸ்ஸே என்பது இத்தாலியில் காஸ்ஸாவின் பன்மை. வர்த்தேமா எழுதியதை அவர் ஊர்க்காரன் படித்தால், குரங்கின் விலை நாலு பெட்டி.

ஜனவரி 15

மேலே எழுதியதைப் படித்த பிறகு ஜனவரி 6 குறிப்பை ஒரு படி நுணுக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு கேஷும் வேறு வேறு சொல், அதில் மாற்றமில்லை. ஆனால் அவை முதன்முதலில் உரசிக்கொண்டது ஆங்கிலத்தில் இல்லை.

போர்த்துகீசில் காப்ஸாவின் பிள்ளை காய்ஷா. பெட்டி, பணப்பெட்டி இரண்டும் அதுவே. 1498க்குப் பிறகு இந்தக் கரையில் இறங்கியவர்கள் சந்தையில் காசு என்ற சொல்லைக் கேட்கிறார்கள். அவர்கள் காதில் ஏற்கெனவே ஒரு காய்ஷா இருக்கிறது, அதுவும் பணத்தோடு சம்பந்தப்பட்டது. புதுச்சொல்லைத் தங்களுக்குத் தெரிந்த சொல்லின் அச்சில் போட்டு, சில்லறை நாணயத்துக்கும் காய்ஷா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் அதை எடுத்தபோது அவர்களிடமும் ஒரு கேஷ் தயாராக இருந்தது. காசு இரண்டு தடவை பெட்டிக்குள் போய் வெளியே வந்திருக்கிறது.

ஆக, நாணயத்துக்கு உயிர் தமிழ், உடை லத்தீன். ரொக்கத்துக்கு உயிரும் உடையும் லத்தீனே.

காய்ஷா இங்கேயே நிற்கவுமில்லை. 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு மலாய்த் தீவுகளின் சில்லறைக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள், சீனச் சில்லறைக்கும் சூட்டினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தை அருங்காட்சியகத்தில் கேஷ் என்று எழுதி வைத்திருப்பது இதனால்தான். அதைச் செய்த சீனனுக்கு இந்தப் பெயர் தெரியாது, அவன் மொழியில் அது வேறு. ஆயிரம் நாணயத்தைக் கயிற்றில் கோத்தால் ஒரு தேல் (சீன எடை அளவு) வெள்ளி என்பது பழைய கணக்கு. தமிழ்நாட்டுச் சந்தைச் சொல் போர்த்துகீசியன் வாயில் ஏறி, சீன நாணயத்துக்கு ஆங்கிலப் பெயராக நிற்கிறது! பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படுங்கள், கேள்வி கேட்டவரே. லண்டன் கடைக்காரனின் ரொக்கத்தை விட இது நீண்ட பயணம்.

ஜனவரி 16

"பை என்ற பழைய நாணயம் தமிழ்ப் பையிலிருந்து வந்ததா?" இல்லை. கால் பங்கு என்று பொருள்படும் வடக்கத்திச் சொல். பன்னிரண்டு பை ஓரணா. எல்லாவற்றையும் பைக்குள் போட வேண்டாம்.

ஜனவரி 19

காசு எங்கிருந்து வந்தது? யூலும் பர்னலும் கர்ஷம் என்ற சமஸ்கிருத எடைப்பெயரோடு அதை இணைக்கிறார்கள். பொன்னையும் வெள்ளியையும் நிறுக்கும் அளவு கர்ஷம். வடக்கே கார்ஷாபணம் என்று நாணயமும் இருந்தது. எடைப்பெயர் நாணயப்பெயர் ஆவது உலக வழக்கம், பவுண்டைப் பாருங்கள். ஆகவே அந்தக் கருத்தைத் தூக்கி எறிய மாட்டேன். ஆனால் தமிழில் காசு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் அது எடைக்கல் மாதிரி தெரியவில்லை.

குறுந்தொகை 67ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லையார். கிளி வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூர்நகத்தில் பிடித்திருக்கும் பொன்னணிக் காசு போல. 'பொலங்கல ஒருகாசு'. இங்கே காசு கோக்கும் பொருள், மணி. மஞ்சளாய், உருண்டையாய், விரல்நுனியில் நிற்கிற அளவு. காசுமாலை என்ற சொல்லுக்குள் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. பொன்மணி, பொற்காசு, எந்த நாணயமும், கடைசியில் செப்புச் சில்லறை என்று படிப்படியாக இறங்கி வந்தது என்பது என் வாசிப்பு.

நடு உச்சியில் இருந்த காலமும் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு என்றால் சில்லறை இல்லை, முதலீடு. ஊர்ச்சபைகள் கோயில் பணத்தை வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். இன்றைய வங்கிக் கடனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து எண்பது சேர்ந்தால்தான் ஒரு பணம் என்ற நிலைக்கு வந்ததும், பிறகு சல்லிக்காசு, செல்லாக்காசு என்று வசவாகிப் போனதும் தனிச் சோகம்.

ஜனவரி 19, இரவு

காசுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு, மறந்துவிடாதீர்கள் என்று ஒரு தமிழாசிரியர் குட்டியிருக்கிறார். 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே காசறு விரையே' என்று கோவலன் கொஞ்சுவதில் வரும் காசு அதுதான். குற்றமற்ற மணமே என்கிறான். எழுத்து ஒன்று, சொல் வேறு, நாணயத்தோடு உறவில்லை. ஆங்கிலத்தில் கேஷ் 1, கேஷ் 2 என்று எண் போடுகிற மாதிரி இங்கும் காசு 1, காசு 2. பின்னாளில் காசை வைத்து அவன் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் உறவு இருந்திருக்கலாம் என்றுதான் படுகிறது.

யாப்பிலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலு ஓசை அளவில் ஒன்றாகத்தான் வர வேண்டும். 'காய்கவர்ந் தற்று' என்று முடியும் குறள் காசில் முடிகிறது. புலவனுக்குக் காசு நிச்சயம் கிடைத்த ஒரே இடம்.

ஜனவரி 20

நாம் கொடுத்ததை மட்டும் எண்ணினால் கணக்கு நேராகாது. துட்டு டச்சுக்காரனுடையது. அவர்களுடைய செப்பு நாணயத்தின் பெயர் டொய்ட். கிழக்கிந்தியத் தீவுகளிலும் நம் கரையிலும் புழங்கி, நம் வாயில் துட்டு ஆனது. பணம் திரும்பிப் போனது: அரபு வணிகர்களுக்கு ப ஒலி இல்லை, ஃபணம் என்றார்கள், ஆங்கிலேயர்கள் அதையே எடுத்து ஃபேனம் என்று எழுதினார்கள். சென்னைக் கணக்கில் எண்பது காசுக்கு ஒரு ஃபேனம் என்று அவர்கள் எழுதியபோது இரண்டு சொல்லும் நம்முடையவை, இரண்டும் வேறு வேறு கப்பலில் ஏறி இறங்கியவை.

ஜனவரி 25

சில நாளாக இருபது காசின் பின்பக்கம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. 'நான்கு ஃபலூஸ்'. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு ஃபுலூஸ் என்றால் பணம், ஃபில்ஸ் என்றால் சில்லறை என்று சொல்லத் தேவையில்லை. அரபு ஃபல்ஸின் பன்மை ஃபுலூஸ். ஃபல்ஸ் வந்தது பைசாந்தியச் செப்பு நாணயமான ஃபோலிஸிலிருந்து. லத்தீனில் ஃபோலிஸ் என்றால்?

பை. தோல்பை. முத்திரை போட்ட பணப்பையை ஃபோலிஸ் என்றார்கள், பிறகு நாணயத்துக்கே அந்தப் பெயர்.

அதே ஃபோலிஸுக்குக் கொல்லன் துருத்தி என்றும் பொருள். காற்றை மட்டும் அடைத்து வைத்திருக்கும் துருத்தியைப் போன்ற தலை உடையவனைப் பழைய பிரெஞ்சில் ஃபோல் என்றார்கள், ஆங்கிலத்தில் ஃபூல். வளைகுடா ஃபுலூஸும் ஆங்கில ஃபூலும் ஒரே பைக்குள் இருந்தவை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பாத்திரம் பணமாவது அப்புறம் எங்கே பார்த்தாலும் தென்பட ஆரம்பித்துவிட்டது. ஃபிஸ்கல் என்று நிதித்துறை பேசுகிறதே, அதன் வேர் ஃபிஸ்கஸ், கூடை. பட்ஜெட் பழைய பிரெஞ்சில் சின்னத் தோல்பை. பர்ஸ் கிரேக்கத்தில் தோல். நம்மிடம் மட்டும் என்ன? பொற்கிழி. கிழி என்றால் துணித் துண்டு. துணியில் முடிந்து கொடுத்ததால் பரிசுப்பணத்துக்கே அந்தப் பெயர். தருமி கேட்டது துணியை அல்ல. பணமுடிப்பும் அதே ரகம். 2019இல் நிதியமைச்சர் தோல்பெட்டியை விட்டுவிட்டுச் சிவப்புத் துணியில் சுற்றி பட்ஜெட்டைக் கொண்டுவந்தபோது தோல்பை போய்க் கிழி வந்தது என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். நான் எழுதிவிட்டேன்.

ஜனவரி 27

கேஷ் போல ஒலிப்பவை எல்லாம் உறவா என்று ஒரே கேள்வியாக வருகிறது. மொத்தமாகப் பதில்.

கேஷியர், வங்கியில் உட்காருபவர்: பெட்டிக் குடும்பம்.

ராணுவத்தில் ஓர் அதிகாரியை மானக்கேடாக வேலையை விட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்று ஒரு வினை. அதற்கும் பெட்டிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரெஞ்சில் 'ரத்து செய்' என்பது டச்சு வழியாக வந்தது. 1585இல் நெதர்லாந்துப் போருக்குப் போன ஆங்கிலச் சிப்பாய்கள் தூக்கி வந்தார்கள். வக்கீல்கள் குவாஷ் மனு போடுகிறார்களே, அந்தக் குவாஷ்தான் இதன் அக்கா தங்கை. ஆகவே கையாடல் செய்த ராணுவக் கேஷியரைக் கேஷியர் செய்யலாம், ஆங்கிலம் இடம் கொடுக்கும்.

கணினியின் கேஷ் மெமரி: எழுத்து வேறு, ஒலி ஒன்று, தமிழில் எழுதினால் எழுத்தும் ஒன்று. பிரெஞ்சில் 'ஒளித்து வை'. வட அமெரிக்கக் காட்டில் தோல் வேட்டைக்காரர்கள் சாமான் பதுக்கிய குழிக்குப் பெயராக இருந்தது, 1968இல் ஐபிஎம் கணினிக் கட்டுரை வழியாக நினைவகத்துக்கு வந்தது. பணம் பதுக்குபவர்கள் இரண்டு கேஷையும் சேர்த்தே வைத்திருப்பார்கள்.

கேஷ்யூ, முந்திரி: பிரேசில் பழங்குடிச் சொல். கேஷ்மீர்: காஷ்மீர்.

பிப்ரவரி 2

கேட்டவர் மறுபடி: "சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய ஆங்கில ஆவணம் படிக்கும்போது இது பெட்டிக் கேஷா, காசுக் கேஷா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னைக் கம்பெனிக் கணக்கில் இரண்டுமே வருகிறதே."

எண்ணிப் பார்ப்பதுதான் வழி. ரொக்கக் கேஷை ஆங்கிலத்தில் எண்ண முடியாது. ஒரு கேஷ், ஐந்து கேஷ் என்று வராது. கொஞ்சம் கேஷ், கேஷாகக் கொடுத்தான் என்றுதான் வரும். காசுக் கேஷை எண்ணலாம். முன்னால் எண் நின்றால், 'பணம் 3, கேஷ் 40' என்று பத்தியாக இறங்கினால், அது நம்முடையது. 'கையிருப்பு கேஷ்' என்று தலைப்பில் இருந்தால் பெட்டி. ஒரே தாளில் தலைப்பில் லத்தீனும் பத்தியில் தமிழும் இருப்பது சகஜம்.

பிப்ரவரி 2, சற்று பிறகு

பன்மைக்கு 'கேஷஸ்' என்று போட வேண்டுமா என்று துணைக்கேள்வி. வேண்டாம். ஒன்றும் கேஷ், இருபதும் கேஷ். சோஹோவில் அடித்த செம்பிலும் திருவிதாங்கூர்ச் சில்லறையிலும் அப்படியே இருக்கிறது, சீன நாணயங்களைப் பற்றி எழுதும் ஆங்கிலப் புத்தகங்களும் பத்து கேஷ், நூறு கேஷ் என்றே எழுதுகின்றன. தமிழிலும் இருபது காசுதானே, காசுகள் என்று சொல்லி எந்தக் கடைக்காரரும் மீதி கொடுத்ததில்லை.